முழுக் கீபேட் ஸ்மார்ட்போன் என்றால் என்ன? ராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

'பட்டன் போன்' என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது, எண்கள் மட்டும் உள்ள சின்னப் போன். இங்கே சொல்லப்போவது அது அல்ல. அதற்கும் இப்போதைய தொடுதிரைப் போனுக்கும் நடுவில், ஏறக்குறைய 2008 முதல் 2013 வரை நம் பக்கம் நன்றாகப் புழங்கிய ஒரு வகை இருந்தது. மேல் பாதியில் திரை, கீழ்ப் பாதி முழுக்க எழுத்துப் பொத்தான்கள். கணினி விசைப்பலகையில் இருக்கும் அதே வரிசைதான், இரண்டு கட்டைவிரலுக்கு ஏற்றபடி சுருங்கியிருக்கும். மேல்வரிசையின் முதல் ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் வரும் ஒலியை வைத்துக் கடைக்காரர்கள் அதைக் 'குவெர்ட்டி போன்' என்றார்கள். 1870களில் டைப்ரைட்டருக்காக அமைத்த வரிசை, போன் வரைக்கும் மாறாமல் வந்துவிட்டது. நோக்கியாவின் இ63, இ71, இ72, பிளாக்பெர்ரியின் கர்வ், போல்ட் ஆகியவை இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

இவை இந்தக் கரைக்கு எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பாதி விஷயங்களுக்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. ராமநாதபுரம் கடைவீதியிலும் கிடைத்தன. ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாதிரி ஊர்களில் சபுராளிகளின், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போனவர்களின், பெட்டியில் வந்தவையும் நிறைய. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர் டேங் பவுடர், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில் இவற்றோடு ஒரு போனையும் கொண்டுவருவார். புதியது அவருக்கு, போன வருடத்துப் போன் தம்பிக்கு. அங்கே வாங்கியது என்பதால் பல போன்களின் பொத்தானில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் அச்சடித்திருக்கும். தமிழ் மட்டும் இருக்காது. இந்த ஒரு குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அதை 'ஸ்மார்ட்' என்று எதனால் சொன்னார்கள்? தொடுதிரை இருந்தால் ஸ்மார்ட்போன் என்ற எண்ணம் பிறகு வந்தது. அன்றைக்கு ஸ்மார்ட் என்றால் இயங்குதளம் உண்டு, வெளியிலிருந்து மென்பொருள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், மின்னஞ்சலும் இணையமும் பார்க்கலாம் என்று பொருள். 1996-ல் நோக்கியா கம்யூனிகேட்டர் என்ற கனத்த போன் வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே முழு விசைப்பலகை. 1999-ல் கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் பிளாக்பெர்ரி 850 என்ற கருவியை விற்றது. மின்னஞ்சல் படிக்கலாம், எழுதலாம், பேச முடியாது. 2002-ல் அவர்கள் விட்ட 5810-ல் பேசவும் முடிந்தது, ஆனால் ஹெட்செட் மாட்டினால்தான். பேசுவதைப் பிறகு ஒட்டவைத்த எழுத்துக் கருவி என்று அதைச் சொல்லலாம். இந்த வகைப் போன்களின் குணம் முழுக்க அங்கிருந்து வந்ததுதான்.

எழுதுவதில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

எண் பொத்தான் போனில் ஒரே பொத்தானில் மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். 'சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில் அனுப்ப எட்டு எழுத்து வேண்டும். அந்த எட்டு எழுத்துக்குப் பழைய போனில் பதினைந்து முறை அமுக்க வேண்டும். முதல் எழுத்தான 'எஸ்' ஒன்றுக்கே ஏழாம் எண் பொத்தானை நான்கு தடவை. அடுத்தடுத்து இரண்டு 'ஏ' வந்தால் ஒன்றை அமுக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவசரப்பட்டால் அது 'பி' ஆகிவிடும். முழுக் கீபேடில் எட்டு எழுத்துக்கு எட்டு அமுக்கு, கதை முடிந்தது.

ஆங்கிலத்திலேயே எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிரமம் இவ்வளவு இல்லை. எண் பொத்தான் போனிலேயே டி9 என்று ஒரு வசதி இருந்தது. பொத்தானுக்கு ஒரு முறை அமுக்கினால் போதும், எந்தச் சொல் என்று போனே அகராதியைப் பார்த்து யூகித்துக்கொள்ளும். லண்டனில் இருந்தவருக்கு அது கை கொடுத்தது. நாம் எழுதியது தமிழ், எழுதிய எழுத்து ஆங்கிலம். அந்த அகராதியில் 'சாப்டியா' கிடையாது, 'வந்தாச்சு' கிடையாது, 'நண்டு என்ன விலை' கிடையாது. டி9 ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லை இழுத்து வைக்கும். அதனால் நம் ஆட்கள் அதை முதல் வேலையாக அணைத்துவிட்டு நான்கு நான்கு முறை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். முழுக் கீபேடு யூகிக்காது. எதை அமுக்கினீர்களோ அதுதான் திரையில். ஆங்கிலம் எழுதுகிறவருக்கு அது ஒரு வசதி என்றால், வேறு மொழியின் எழுத்தில் தன் மொழியை எழுதியவருக்கு அதுதான் வழி. இந்தப் போனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அலுவலகம், கோட்டு, மின்னஞ்சல் என்றே பேசுவார்கள். நம் கரையில் அது பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

தமிழை இன்னொரு எழுத்தில் எழுதுவது கீழக்கரைக்குப் புதிதும் இல்லை. இங்குள்ள ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) 19-ஆம் நூற்றாண்டிலேயே அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்றே அதற்குப் பெயர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புதிய குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். போனில் அந்த வசதி இல்லை. லகரம், ளகரம் இரண்டும் ஒரே எழுத்துக்குள் அடங்கின. ரகரத்துக்கும் றகரத்துக்கும் அதே கதி. படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்.

பொத்தானுக்குக் கீழே

பொத்தான் என்று நாம் அமுக்குவது வெறும் பிளாஸ்டிக் தொப்பி. அதற்குக் கீழே மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கும் கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றாக, மேல்நோக்கிக் குவிந்த மெல்லிய உலோகத் தகடு. விரல் அமுக்கியதும் தகடு 'டக்'கென்று உள்வாங்கி, கீழே போர்டில் இருக்கும் இரண்டு செம்பு முனைகளைத் தொட்டு இணைக்கிறது. விரலை எடுத்ததும் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. அந்த 'டக்' முக்கியம். எழுத்து பதிவாகிவிட்டது என்று விரலுக்கு அதுவே சொல்லிவிடும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டியதில்லை.

நாற்பது பொத்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி போடுவதில்லை. ஐந்து கிடைவரிசை, எட்டு நெடுவரிசை என்று கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொத்தானை வைக்கிறார்கள். பதின்மூன்று கம்பியில் நாற்பது பொத்தான் முடிந்துவிடும். போனுக்குள் இருக்கும் சிப் ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் விட்டு, எந்த நெடுவரிசையில் அது வெளியே வருகிறது என்று நொடிக்குப் பலமுறை பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தக் கிடைவரிசை, எந்த நெடுவரிசை என்று தெரிந்தால் எழுத்து தெரிந்துவிடும். உப்புக்காற்றில் இந்த அமைப்பு எப்படிக் கெடும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இடம் போதாததால் எண்களும் குறிகளும் எழுத்துகளோடு பொத்தானைப் பங்கிட்டுக்கொண்டன. நோக்கியா இ வரிசையில் நடுவில் இருக்கும் 'ஜி'தான் ஐந்து. அதைச் சுற்றி மற்ற எண்கள். எழுதும்போது எண் வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறிப் பொத்தானை முதலில் அமுக்க வேண்டும். பிளாக்பெர்ரியில் ஓர் எழுத்தை விடாமல் அமுக்கிப் பிடித்தால் பெரிய எழுத்து வரும். இடைவெளிப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி விழும். இதெல்லாம் கொஞ்ச நாளில் விரலுக்குப் பழகிவிடும். அப்புறம் பேருந்தில் நின்றுகொண்டே, போனைப் பார்க்காமல் எழுதுகிற ஆட்கள் உருவானார்கள். வகுப்பில் பெஞ்சுக்குக் கீழேயும்தான்.

இ63-இல் ஒரு விசேஷம் உண்டு. முகப்புத் திரையில் இருக்கும்போது இடைவெளிப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பின்பக்கம் டார்ச் எரியும். கேட்டால் அற்பமாகத் தெரியலாம். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று நினைவிருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விடிவதற்கு முன் கரையில் வலையைப் பிரிக்கும்போதும், இருட்டில் படகின் எஞ்சினைக் குனிந்து பார்க்கும்போதும், மெனுவைத் தேடாமல் கட்டைவிரலால் ஒரே அமுக்கில் வெளிச்சம்.

தமிழ் தெரியாத போன்

எழுதுவதற்காகவே செய்த போனில் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுத முடியவில்லை என்பது அதன் பெரிய ஓட்டை. படிப்பதே பாடாக இருந்தது. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கும். அந்த எழுத்துக்கான உருவம் போனில் இல்லை என்றால் கட்டம்தான் வரும். எழுத்துரு இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 'கெ' என்பதில் கணினி சேமிப்பது முதலில் ககரம், பிறகு ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரிந்த மென்பொருள் இல்லையென்றால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் தொங்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. அன்று வாயிலிருந்து வாய்க்குப் பரவிய வித்தை அது. ஓபரா மினி என்ற உலாவியைப் போட்டு, முகவரிக் கட்டத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு ரகசிய அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் அடியில், சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால், தமிழ் பளிச்சென்று வந்துவிடும். ஓபரா மினி எல்லாப் பக்கத்தையும் முதலில் தன் சர்வருக்கு வரவழைத்து, சுருக்கி, பிறகுதான் போனுக்கு அனுப்பும். அந்த அமைப்பை மாற்றியதும் தமிழ் எழுத்துகளை அங்கேயே வரைந்து படமாக்கி அனுப்பிவிடும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. படம் என்பதால் டேட்டா கொஞ்சம் கூடும். 10 கேபிக்கு 10 பைசா என்று கணக்குப் போட்ட காலம் அது. ஆனாலும் ஊர்ச் செய்தியைத் தமிழில் படிக்கிற சந்தோஷத்துக்கு அது பெரிய விலை இல்லை.

எஸ்எம்எஸ்ஸிலும் தமிழுக்கு ஓர் அபராதம் இருந்தது. ஓர் எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்று 7 பிட்டில் அடங்கும், ஆகவே 160 எழுத்து போகும். தமிழ் எழுத்து ஒன்றேனும் உள்ளே நுழைந்தால் முழுச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் என்ற முறைக்கு மாறிவிடும். அப்போது 70தான். அந்த 70-ம் நாம் எண்ணும் 70 அல்ல. 'வாங்க' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு வகரம், கால், ஙகரம், புள்ளி, ககரம் என்று ஐந்து. ஆக நம் கணக்கில் நாற்பது எழுத்துச் சொச்சத்தில் ஒரு செய்தி தீர்ந்து, அடுத்ததற்கும் காசு போகும். எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியதைச் சோம்பல் என்று பழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பெருநாள், தீபாவளி, புத்தாண்டு அன்று எஸ்எம்எஸ் பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம் என்பதால் வாழ்த்தெல்லாம் முந்தின நாளே வந்து குவிந்துவிடும்.

துபாய்க்கும் கீழக்கரைக்கும் நடுவே

பிளாக்பெர்ரிக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. மற்றப் போன்களில் மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று போன்தான் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். நாமே தபாலாபீஸ் போய் 'எனக்கு லெட்டர் இருக்கா' என்று கேட்கிற மாதிரி. பிளாக்பெர்ரியில் தபால்காரர் வீட்டுக்கு வந்தார். அந்த நிறுவனத்தின் சர்வர்கள் அஞ்சலை வாங்கி, சுருக்கி, உடனே போனுக்குத் தள்ளிவிட்டன. போன் சும்மா சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதால் டேட்டாவும் மிச்சம், பேட்டரியும் மிச்சம்.

அதே வழியில் 2005-ல் பிபிஎம் என்ற அரட்டைச் சேவை வந்தது. இதில் போன் நம்பர் தேவையில்லை. ஒவ்வொரு பிளாக்பெர்ரிக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த எட்டு இலக்க 'பின்' என்ற அடையாளக் குறியீடு உண்டு. அதைக் கொடுத்தால் போதும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, படித்தாரா என்று இரண்டு வெவ்வேறு குறிகள் காட்டும். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில்தான். 'படிச்சுட்டு ஏன் பதில் போடலை' என்ற சண்டையை இந்தக் கரையில் தொடங்கிவைத்த பெருமை பிபிஎம்முக்கே சேரும். இரண்டு பக்கமும் பிளாக்பெர்ரி இருந்தாக வேண்டும் என்பதுதான் சங்கடம். அதனால்தான் துபாயில் இருப்பவர் தம்பிக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

செய்திப் போக்குவரத்து முழுக்க அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாக, பூட்டுப் போட்டுப் போனதில், கண்காணிக்க முடியவில்லையே என்று அரசுகளுக்குச் சங்கடம். 2010 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகம், அக்டோபர் 11 முதல் பிளாக்பெர்ரியின் அரட்டை, அஞ்சல், இணையம் மூன்றையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்தியாவும் அதே ஆகஸ்டில் கெடு வைத்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அறுந்துபோகுமோ என்று இங்கே பல வீடுகளில் பேச்சாக இருந்தது. கடைசியில் அமீரகம் கெடுவுக்குச் சில நாள் முன்னால் தடையைக் கைவிட்டது, இங்கேயும் நிற்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் சதா எழுதிக்கொண்டே இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டேட்டா போட எல்லோரிடமும் காசு இல்லை. மிஸ்டு கால் என்ற இலவச மொழி அதற்கு நிகராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் வந்து சேர்ந்தாச்சு, இரண்டு என்றால் நீ கூப்பிடு. உம்மாவுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். அதற்கு எந்தப் போனும் போதும்.

கடல், சிக்னல், உப்பு

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்குப் போன் திடீரென்று இலங்கைக்கு வரவேற்கும். இது அந்தக் காலப் போன்களிலும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. காரணம் எளிது. முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 2ஜி டவர் ஒன்று அதிகபட்சம் 35 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் போனோடு பேச முடியும். இது வெறும் பலத்தின் எல்லை அல்ல, நேரத்தின் எல்லை. 2ஜியில் ஒரே அலைவரிசையைப் பல போன்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. தூரத்துப் போனின் சிக்னல் வந்து சேரக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், 'நீ கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பு' என்று டவர் சொல்லும். அப்படி முன்தள்ளிச் சரிசெய்ய முடிந்த அளவு 35 கிலோமீட்டரோடு முடிகிறது. நிலத்தில் அவ்வளவு தூரம் எட்டுவது அபூர்வம். கட்டடமும் மரமும் மறைக்கும். கடல்மேல் மறைக்க ஒன்றும் இல்லை. நம் டவர் பின்னால் மங்கும்போது எதிர்க்கரை டவர் தெளிவாகத் தெரிந்தால், போன் அதைப் பிடிக்கப் பார்க்கும்.

ரோமிங் திறந்திருந்தால் வருகிற அழைப்புக்கும் காசு பறிபோகும். இல்லையென்றால் நெட்வொர்க் தேடித் தேடியே பேட்டரி தீரும். அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, நம் கம்பெனியை நாமே குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்றைய போனிலும் அதே வைத்தியம்தான்.

படகில் விசைப்பொத்தானுக்கு ஒரு நியாயமான மேன்மை உண்டு. தொடுதிரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள மின்புலத்தை விரல் சற்றே கலைப்பதைத்தான் உணர்கிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரக்கையால் தொட்டால், அல்லது ஒரு துளி திரையில் நின்றால், எது விரல் எது தண்ணீர் என்று திரை தடுமாறும். நண்டு வலையைப் பிரித்த கையோடு, செதிலும் சளியுமாக இருக்கும் விரலோடு, வியாபாரிக்குப் போன் போட்டுக் கரைவிலை கேட்க வேண்டும் என்றால் பொத்தான் ஒன்றே உதவும். போனைப் பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார்கள். பைக்கு மேலிருந்தே ஐந்தாம் எண்ணின் மேட்டைத் தடவி, அங்கிருந்து மற்ற எண்களைக் கண்டுபிடித்து அமுக்கிவிடலாம்.

ஆனால் அதே உப்புதான் இதன் எமனும். பொத்தான்களுக்கு நடுவில் இடுக்கு இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதோடு வரும் ஈரமும் உப்பும் அதன் வழியாக உள்ளே இறங்கும். உப்பு தன்பங்குக்குக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு முனை பச்சை பூத்துவிடும். எங்கே கெட்டிருக்கிறது என்று அறிய முன்னே சொன்ன குறுக்குநெடுக்குக் கம்பி உதவும். ஒரே ஓர் எழுத்து மட்டும் வரவில்லையென்றால் அந்தப் பொத்தானின் தகடோ முனையோ கெட்டிருக்கிறது. ஒரு வரிசையில் பல எழுத்துகள் சேர்ந்தாற்போல் போய்விட்டால் கம்பித்தடம் அரித்திருக்கிறது. முன்னதற்குக் கீபேட் ஷீட் மாற்றினாலோ, சர்வீஸ் கடையில் தின்னர் தொட்ட டூத் பிரஷ்ஷால் போர்டைத் தேய்த்தாலோ தீரும். பின்னதற்கு மெல்லிய ஜம்பர் கம்பி பற்றவைக்க வேண்டும். நல்ல கை வேண்டும்.

கடலில் விழுந்த போனை அரிசிச் சாக்கில் புதைக்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரிசி ஈரத்தை இழுக்கிறதோ இல்லையோ, உப்பை எடுக்கவே எடுக்காது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு போர்டின் மேலேயே உட்கார்ந்து அரிக்கும். உடனே பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, பிறகு கடையில் ஆல்கஹாலால் கழுவினால்தான் பிழைக்க வாய்ப்பு. அன்றைய போன்களில் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம் என்பதால் இது நடந்தது. இன்றைய போனில் அந்த முதல் படியே முடியாது.

பேட்டரி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இ63, இ71 இரண்டிலும் 1500 எம்ஏஎச். இன்றைய போனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் இரண்டு நாள் சாதாரணமாக ஓடும். திரை 2.4 அங்குலம்கூட வராது. பின்னணியில் எந்த ஆப்பும் விழித்திருக்காது. வேறு மர்மம் கிடையாது.

இந்தப் போனை வீழ்த்தியது தொடுதிரை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உலக அளவில் அது சரியாக இருக்கலாம். நம் கரையைப் பொறுத்தவரை 2013 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியைத்தான் நான் சொல்வேன். ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துப் பேசிவிட்டு விட்டால் போதும் என்றானபோது, எழுத வராதவர்களும், ஆங்கில எழுத்துத் தெரியாததால் ஒதுங்கி நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். அவர்கள்தான் பெரும்பான்மை. மகன் எழுதியதைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட உம்மா, இப்போது தானே பேசி அனுப்பினார். எழுத்தில் வேகமாக இருந்தோம் என்ற எங்கள் பெருமைக்கு அதற்குமேல் வேலை இல்லை. பொத்தானில் அச்சடித்த எழுத்தை மாற்ற முடியாது. திரையில் வரையும் கீபேடை ஒரு தட்டில் தமிழாக்கலாம் என்பதும் சேர்ந்துகொண்டது. சிம்பியன் இயங்குதளத்தில் ஓடிய நோக்கியா போன்களில் வாட்ஸ்அப் 2017 ஜூனோடும், பிளாக்பெர்ரியில் அதே ஆண்டு டிசம்பரோடும் நின்றது.

இன்னும் பீரோவில் ஒன்று கிடக்கிறது, எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியை மேசைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் வயிறு உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல், குத்தாமல் அப்புறப்படுத்திவிடுங்கள். நன்றாக இருந்தால் சார்ஜ் ஏற்றலாம். ஜியோ சிம் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அவர்களிடம் 2ஜி கிடையாது. 2ஜி உள்ள கம்பெனி சிம் வேண்டும். நானோ சிம்மைப் பொருத்த அடாப்டர் சட்டமும் வேண்டும். நோக்கியா என்றால் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், ஓடிபி வரும். இணையம் வராது, இன்றைய தளங்களின் பாதுகாப்புப் பூட்டை அந்த உலாவிக்குத் திறக்கத் தெரியாது. பழைய பிளாக்பெர்ரி என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் சேவைகளை நிறுவனம் 2022 ஜனவரி 4-இல் நிறுத்திவிட்டது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்கூட ஒழுங்காக இயங்கும் என்று சொல்ல முடியாது என அவர்களே அறிவித்தார்கள். தொடர்பு எண்களும் பழைய செய்திகளும் வேண்டுமென்றால் போன் உயிரோடு எழுந்த அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி எழும் என்ற உத்தரவாதம் இந்தக் காற்றில் கிடையாது.